கை அசைந்தால் ஓடும் கடிகாரம்

பிப்ரவரி 4

அன்புள்ள மைத்துனருக்கு,

நான் நலம். தாங்களும் நலமென நம்புகிறேன். கடல்மேல் இருப்பவர் விஷயத்தில் நம்பிக்கைக்கு மேல் எதையும் உறுதியாகச் சொல்வதற்கில்லை.

பொருள்: தாங்கள் அனுப்பிய கைக்கடிகாரம் கிடைத்தது தொடர்பாக.

மேற்படி கடிகாரம் சென்ற வாரம், உறை கிழியாமலும் பெட்டி நசுங்காமலும் என் கைக்கு வந்து சேர்ந்தது. கருப்பு முகப்பு, எஃகு உடல், ரப்பர் பட்டை, முகப்பைச் சுற்றித் திருப்பக்கூடிய ஒரு வளையம். இருநூறு மீட்டர் ஆழம்வரை நீர் புகாது என்று பின்மூடியில் பொறித்திருக்கிறது. நான் இறங்கக்கூடிய அதிகபட்ச ஆழம் குளியலறை வாளியின் ஆழமே என்பதைத் தாங்கள் அறிவீர்கள். ஆயினும் அன்பளிப்பை மறுப்பது முறையன்று என்பதால், நன்றியுடன் ஏற்றுக்கொள்கிறேன்.

இதுநாள்வரை இவ்வீட்டிலிருந்து தங்களுக்குக் கடிதம் எழுதிவந்தவர் தங்கள் அக்கா. அவர் எழுதி முடித்த தாளின் அடியில் "என் அன்பும் விசாரிப்பும்" என்று ஒரு வரி சேர்ப்பது மட்டுமே என் பங்கு. நவம்பரில் அவர் மறைந்தபின், அந்த ஒரு வரிக்கு மேலே உள்ள இடத்தையும் நானே நிரப்ப வேண்டியிருக்கிறது. பழக்கமில்லாத வேலை. அவர் தங்களைச் செல்லமாக அழைத்துவந்த பெயரை நான் எழுதுவது உரிமை மீறல் ஆகக்கூடும் என்பதால் மேலே "மைத்துனர்" என்றே குறிப்பிட்டிருக்கிறேன்.

அலுவலகம் வழக்கம்போல் நடைபெற்றுவருகிறது. குமாஸ்தா தங்களை விசாரித்தார்.

இருட்டில் இக்கடிகாரத்தின் முட்கள் பச்சையாக ஒளிர்கின்றன. விளக்கணைத்த அறையில் இன்னொருவர் விழித்திருப்பதுபோல் இருக்கிறது. இதைப் புகாராகக் கொள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் அக்காவின் கணவர்


பிப்ரவரி 21

அத்தானுக்கு,

நான் நல்லா இருக்கேன். நீங்க ஒழுங்கா சாப்பிடறீங்களா, தூங்கறீங்களா? "நலம்"னு ஒரே வார்த்தையில தப்பிக்காதீங்க. அக்கா விடமாட்டா. அவ இடத்துல இப்போ நான் கேக்கறேன்.

பொருள்: சும்மா.

உங்க கடிதத்தை, நாங்க தங்கி வேலை செய்யற பெரிய படகுக்கு சப்ளை படகு கொண்டுவந்துச்சு. மாசத்துக்கு ரெண்டு தடவை காய்கறி, டீசல், தபால் எல்லாம் அதுலதான் வரும். உறை முழுக்க வெங்காய வாசனை. பக்கத்துப் படுக்கைக்காரன் எட்டிப் பார்த்துட்டு, "என்னடா, உன் மேல ஏதாவது கேஸா?"ன்னு கேட்டான். "இல்லடா, எங்க அத்தான் பாசமா எழுதியிருக்காரு"ன்னு சொன்னேன். அவன் இன்னும் நம்பல.

கடிகாரம் பெரிய விலையெல்லாம் இல்ல அத்தான். துறைமுகத்து வாசல்ல ஒரு கடை இருக்கு. எங்க டைவிங் ஆளுங்க எல்லார் கையிலயும் அங்க வாங்கினதுதான். கடலுக்கு அடியில குழாய்க்கு வெல்டிங் பண்றப்போ பாறையில உரசும், இரும்புல இடிபடும், ஆனா ஓடும். இங்க ரொம்ப விலை உயர்ந்த டைவர் வாட்ச் கட்டியிருக்கறது ஒரே ஒருத்தர்தான், எங்க மேனேஜர். அவர் கால் நனைஞ்சு நான் பார்த்ததே இல்ல. நான் ஒரே மாதிரி ரெண்டு வாங்கினேன். ஒண்ணு எனக்கு, ஒண்ணு உங்களுக்கு.

அந்த வளையம் எதுக்குன்னு சொல்லலையே. தண்ணிக்குள்ள இறங்கறப்போ அதுல இருக்கற முக்கோணத்தை நிமிஷ முள்ளுக்கு நேரா வெச்சுக்கணும். அப்புறம் முள்ளு எவ்வளவு தள்ளிப் போயிருக்கோ, அவ்வளவு நேரம் நாம உள்ள இருந்திருக்கோம். மேல சூப்பர்வைசர் நேரம் பார்ப்பாருதான், இருந்தாலும் நம்ம கையில ஒண்ணு இருக்கணும் இல்லையா. வளையம் ஒரு பக்கமாத்தான் திரும்பும். எங்கயாவது இடிச்சு நகர்ந்துட்டா கூட, அதிக நேரம் ஆன மாதிரிதான் காட்டும். பயந்துட்டு சீக்கிரம் மேல வந்துடுவோம். தப்பு நடந்தாலும் உயிர் பக்கமா நடக்கற மாதிரி செஞ்சிருக்கான்.

இன்னொண்ணு. முன்னறையில என் பெட்டி இருக்கு. இடைஞ்சலா இருந்தா சொல்லுங்க, எடுத்துக்க ஏற்பாடு பண்றேன்.

மைத்துனர்னு எழுதாதீங்க அத்தான். கோர்ட்டு வாசல்ல மூணு தடவை கூப்பிடற மாதிரி இருக்கு.

தவளை


மார்ச் 3

அன்புள்ள மைத்துனருக்கு,

நலம். உணவும் உறக்கமும் தனித்தனியே கேட்கப்பட்டதால் தனித்தனியே விடையளிக்கிறேன்: உணவு உண்டு, உறக்கமும் உண்டு. தங்கள் காது வலி எவ்வாறுள்ளது என்று தங்கள் அக்கா கேட்டிருப்பார். ஆகவே கேட்கிறேன்.

பொருள்: கைக்கடிகாரம் நின்றுபோனது தொடர்பாக.
பார்வை: தங்கள் பிப்ரவரி 21 கடிதம்.

வளையம் ஒரு திசையில் மட்டுமே திரும்பும் என்ற விளக்கத்தை இருமுறை படித்தேன். பிழை நேர்ந்தாலும் அது பாதுகாப்பின் பக்கமே சாயும்படி ஒரு பொருளை வடிவமைப்பது எத்தனை உயர்ந்த சிந்தனை! ஒப்பந்தங்களில் இப்படியொரு ஷரத்தை எழுத நான் பல ஆண்டுகள் முயன்றிருக்கிறேன். ஒருமுறையும் இவ்வளவு கச்சிதமாக அமையவில்லை.

ஆனால் அதே கடிகாரம் நின்றுவிட்டது என்பதை வருத்தத்துடன் தெரிவிக்க வேண்டியுள்ளது. சென்ற வாரம் குமாஸ்தா சில பத்திரங்களில் கையெழுத்துப் பெற வந்தார். நாளை இன்ன வழக்கு வருகிறது என்றார். நாளை ஞாயிற்றுக்கிழமை, எந்த நீதிமன்றம் திறந்திருக்கும் என்று கேட்டேன். கடிகாரத்தின் கிழமைக் கட்டத்தையும் காட்டினேன். சனி என்றே இருந்தது.

"சார், இன்னிக்குத் திங்கக்கிழமை."

"கடிகாரம் சனி என்கிறதே."

"அது நின்னு போயிருக்கு சார். நடுவுல ஒரு ஞாயித்துக்கிழமை முழுசா வந்துட்டுப் போயிருக்கு. உங்களைப் பார்க்காமயே போயிடுச்சு போல."

அவர் வேடிக்கைக்காகச் சொன்னார். நானும் சிரித்தேன்.

வாங்கி இரண்டு மாதம்கூட ஆகாத பொருள் காரணமின்றி நிற்பது குறைபாடு என்பதில் ஐயமில்லை. விற்பனையாளருக்கு முறைப்படி நோட்டீஸ் அனுப்ப எண்ணுகிறேன். ரசீதையும் உத்தரவாத அட்டையையும் அனுப்பிவைக்கவும்.

பெட்டி உள்ளபடியே உள்ளது. அலுவலகம் வழக்கம்போல் நடைபெற்றுவருகிறது.

இப்படிக்கு,
தங்கள் அக்காவின் கணவர்


மார்ச் 19

அத்தானுக்கு,

காது வலி பரவாயில்ல. மருந்து ஊத்திக்கிட்டு ஒரு பக்கமா தலையைச் சாய்ச்சபடி நடக்கறேன். யார் பேசினாலும் ரொம்ப அக்கறையா கேக்கற மாதிரி தெரியுதாம். நல்ல பேரு வந்திருக்கு.

நோட்டீஸா? ஐயோ அத்தான், அந்தக் கடைக்காரர் பாவம், ஒரு குடைக்குக் கீழ உட்கார்ந்திருக்கற மனுஷன். கடிகாரத்துல ஒண்ணும் இல்ல. நான்தான் ஒழுங்கா சொல்லாம விட்டுட்டேன். அதுக்கு பேட்டரி கிடையாது, சாவி கொடுக்கவும் வேண்டாம். உள்ள அரை நிலா மாதிரி ஒரு இரும்புத் தகடு இருக்கு. நாம கையை அசைக்கற அசைவுல அது சுத்தும், அந்தச் சுத்துலயே ஸ்பிரிங் இறுகிக்கும். கையில கட்டிக்கிட்டு நடமாடினா போதும். கழட்டி மேஜை மேல வெச்சா ரெண்டு நாளுக்குள்ள நின்னுடும். நீங்க வீட்டுக்கு வந்ததும் கழட்டி வெச்சிடறீங்களோ? காலையில எடுத்து நாலு தடவை லேசா ஆட்டிட்டுக் கட்டிக்கோங்க, ஓடும்.

ஆகஸ்ட்ல எனக்கு லீவு வருது. ஒரு மாசம். பக்கத்துப் படுக்கைக்காரன் அவங்க வீட்டுக்கு வரச் சொல்லிக் கூப்பிடறான். இன்னும் ஒண்ணும் முடிவு பண்ணல.

சாப்பாடு உண்டு, தூக்கமும் உண்டுன்னு எழுதியிருந்தீங்க. ஓட்டல் பலகை மாதிரி இருக்கு. என்ன சாப்பிட்டீங்கன்னு எழுதுங்க.

தவளை


மார்ச் 28

அன்புள்ள மைத்துனருக்கு,

நலம். காதுக்கு ஊற்றும் மருந்தை மருத்துவர் நிறுத்தச் சொன்னபின்னும் தொடர்வது தங்கள் வழக்கம் எனக் கேள்விப்பட்டிருக்கிறேன். தவிர்க்கவும். கேட்கப்பட்டபடி, நேற்று உண்டது: ரொட்டி.

பொருள்: கைக்கடிகாரத்தைத் திருப்பி அனுப்புதல்.
பார்வை: தங்கள் மார்ச் 19 கடிதம்.

கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்திருப்பேன் என்ற தங்கள் ஊகத்தை மறுக்கிறேன். கிடைத்த நாள்முதல் அது என் இடது மணிக்கட்டை விட்டு நீங்கியதில்லை. உறங்கும்போதும் குளிக்கும்போதும் அணிந்தே இருக்கிறேன். நீரால் கெடாது என்ற வாக்குறுதியை நான் முழுமையாகப் பயன்படுத்திக்கொண்ட ஒரே சந்தர்ப்பம் அது. தங்கள் கடிதம் கிடைத்தபின் அவ்வாறே ஆட்டிப் பார்த்தேன், ஓடியது. அணிந்திருந்தேன், மீண்டும் நின்றது.

ஆக, தங்கள் கூற்றின்படி, அணிந்தால் ஓட வேண்டும். அணிந்திருந்தும் ஓடவில்லை. எனவே பழுது கடிகாரத்தில் இருக்கிறது. வேறு முடிவுக்கு வர இடமில்லை.

பதிவுத் தபாலில் இத்துடன் அனுப்பியுள்ளேன். தாங்களே பரிசோதித்து, கண்டதை எழுத்துமூலம் தெரிவிக்கவும். அவசரமில்லை. எத்தனை கடிதங்கள் தேவைப்பட்டாலும் இந்த விவகாரத்தைத் தீர விசாரிப்பதே முறை.

விடுமுறை குறித்து எழுதியிருந்ததைக் கவனித்தேன்.

அலுவலகம் வழக்கம்போல் நடைபெற்றுவருகிறது.

இப்படிக்கு,
தங்கள் அக்காவின் கணவர்


மே 2

அத்தானுக்கு,

நான் நல்லா இருக்கேன். நீங்க எப்படி இருக்கீங்க? ரொட்டி ஒரு சாப்பாடா?

பதில் எழுத நாளாயிடுச்சு, மன்னிச்சுக்கோங்க. தீர விசாரிக்கணும்னு சொன்னீங்களே, அதான் விசாரிச்சேன்.

முதல்ல நானே கட்டிக்கிட்டேன். இடது கையில என்னோடது, வலது கையில உங்களோடது. படகுல எல்லாரும் கேலி பண்ண ஆரம்பிச்சுட்டாங்க. சமையல்காரர் தட்டை நீட்டினா, "இடது கை மணிக்கு ஒரு தடவை சாப்பிட்டாச்சு, இது வலது கை மணிக்கா?"ன்னு கேக்கறார். ரெண்டும் ஒண்ணாவே ஓடிச்சு. உங்களோடது என்னோடதை விட கொஞ்சம் ஒழுங்குன்னே சொல்லலாம். உங்ககிட்ட இருந்த பழக்கம் போல.

நாங்க தண்ணியில கை காலை உதைக்கறவங்க, அதனால ஓடுதுன்னு நீங்க வாதாடுவீங்க. தெரியும். அதனால எங்க கிரேன் டிரைவர் கையில கட்டிவிட்டேன். அவர் கூண்டுக்குள்ள ஏறினா இறங்கவே மாட்டார். அங்கயே சாப்பாடு, அங்கயே தூக்கம். ரெண்டு விரலால குச்சியைத் தள்றதுதான் மொத்த வேலை. "யோவ், உன் வாட்சுக்காக நான் டான்ஸ் எல்லாம் ஆட முடியாது"ன்னு சொல்லிட்டுத்தான் கட்டிக்கிட்டார். அவர் கையிலயும் நிக்காம ஓடிச்சு அத்தான்.

கடிகாரத்துல ஒரு குறையும் இல்ல.

அவ்வளவு உட்கார்ந்தே இருக்கறவர் கையிலயும் ஓடற கடிகாரம், ஒருத்தர் கையில நிக்கணும்னா அந்தக் கை எப்படி இருந்திருக்கணும்னு ராத்திரி படுத்துக்கிட்டு யோசிச்சேன். அதுக்கு மேல நான் எதுவும் கேக்கல. இந்தப் படகுலயே திருப்பி அனுப்பறேன். கட்டிக்கோங்க.

தவளை


ஜூன் 6

அத்தானுக்கு,

இங்க எல்லாம் நலம். அங்க?

ரெண்டு சப்ளை படகு வந்துட்டுப் போயிடுச்சு. வெங்காயம் வந்துச்சு, டீசல் வந்துச்சு, உங்க கடிதம் வரல. கடிகாரம் கிடைச்சுதான்னு கூடத் தெரியல. மேனேஜர் அறையில இருக்கற போன்ல கூப்பிடலாம்னு வரிசையில நின்னேன். என் முறை வந்ததும் என்ன பேசறதுன்னு தெரியாம திரும்பிட்டேன். நாம போன்ல பேசினதே இல்லையே. அக்கா பேசுவா, நீங்க பின்னாடி இருமுவீங்க, அதான் நமக்குள்ள பேச்சு.

நான் எழுதினது தப்பா இருந்தா திட்டுங்க. உங்க பாணியிலயே பொருள், பார்வை எல்லாம் போட்டுத் திட்டுங்க.

இதையும் கேட்டுடறேன். அந்த வீட்டுக்கு நான் வர்றப்போ எல்லாம் அக்கா வீட்டுக்குப் போறேன்னுதான் சொல்லிட்டு வருவேன். அத்தான் வீட்டுக்குப் போறேன்னு ஒரு தடவை கூட சொன்னதில்ல. இப்போ அக்கா இல்ல. எந்த உரிமையில உங்களை இவ்வளவு கேள்வி கேக்கறேன்னு நீங்க நினைச்சிருக்கலாம். அப்படின்னா பெட்டியை மட்டும் வந்து எடுத்துக்கறேன். தெரிஞ்சா போதும், வருத்தப்பட மாட்டேன்.

பட மாட்டேன்னு எழுதிட்டேன். பட்டாலும் உங்களுக்குத் தெரியவா போகுது.

தவளை


ஜூன் 17

அன்புள்ள மைத்துனருக்கு,

"நலம்" என்று தொடங்கக் கை வந்தது. இந்த முறை அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

பொருள்: விளக்கம்.
பார்வை: தங்கள் மே 2, ஜூன் 6 கடிதங்கள்.

கடிகாரம் உரிய காலத்தில் வந்து சேர்ந்தது. பதில் எழுதாததற்குக் காரணம் தங்கள்மீது சினமோ வருத்தமோ அன்று. என் தொழில் வாழ்க்கையில் பிறரைக் குறுக்கு விசாரணை செய்திருக்கிறேன். எனக்கு எதிராக ஒரு சாட்சி என் மணிக்கட்டிலேயே கட்டப்பட்டிருந்த அனுபவம் இல்லை. வாய்தா கேட்கத் தோன்றியது. யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

என் கடிதங்கள் அனைத்திலும் "அலுவலகம் வழக்கம்போல் நடைபெற்றுவருகிறது" என்று எழுதியிருக்கிறேன். அது உண்மை. குமாஸ்தாவும் இளைய வழக்கறிஞரும் அதை நடத்துகிறார்கள். நான் அங்கே செல்கிறேன் என்று எங்கும் எழுதவில்லை. தங்கள் அக்காவாக இருந்தால் முதல் கடிதத்திலேயே இந்த வேறுபாட்டைப் பிடித்திருப்பார். தங்களுக்கு ஒரு கிரேன் ஓட்டுநர் தேவைப்பட்டார்.

நவம்பருக்குப் பின் நான் சன்னலோர நாற்காலியில் இருக்கிறேன். "இருக்கிறேன்" என்பதைத் தவிர வேறு வினைச்சொல் பொருந்தவில்லை. இடது கை நாற்காலியின் கைப்பிடிமேல் இருக்கும். தெருவில் பள்ளி விட்டுப் பிள்ளைகள் போவார்கள், எதிர்க் கடையின் கதவு இறங்கும், விளக்குகள் எரியும். கையை எடுக்க வேண்டிய தேவை எதுவும் ஏற்படுவதில்லை. குமாஸ்தா ஒருநாள் வாசலில் நின்று, "நாற்காலிக்கு நாலு கால்னுதான் நினைச்சேன் சார், உங்களோட சேர்த்து ஆறு ஆயிடுச்சு" என்றார். அவரைக் கடிந்துகொள்ளவில்லை. எண்ணிக்கை சரிதானே.

கை அசைந்தால்தான் ஓடும் என்பது தங்கள் மார்ச் கடிதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பின்னும் கடிகாரத்தைப் பழுது என்று வாதிட்டுத் திருப்பி அனுப்பினேன். ஏனெனில், ஒரு விவகாரம் இல்லாமல் யாருக்கும் கடிதம் எழுதிய பழக்கம் எனக்கில்லை. நன்றி தெரிவித்த முதல் கடிதத்தோடு நமக்கிடையே எழுத வேண்டிய பொருள் எதுவும் மிஞ்சவில்லை. வழக்கு நிலுவையில் இருக்கும்வரை இரு தரப்பினரும் ஒருவருக்கொருவர் எழுதியே ஆக வேண்டும். இதற்குமேல் விளக்கத் தேவையில்லை என நினைக்கிறேன்.

உரிமை குறித்துக் கேட்டிருந்தீர்கள். மனைவி வழியில் வந்த உறவு மனைவிக்குப் பின்னும் நீடிக்குமா என்ற கேள்வியை நானும் எழுப்பிக்கொண்டேன். தங்களுக்கு முன்பே எழுப்பிக்கொண்டேன். என் அலமாரியில் உள்ள நூல்களில் தெளிவான விடை கிடைக்கவில்லை. விடுமுறைக்கு வரும்படி தங்களை அழைக்காததும் அதனால்தான். அக்கா இல்லாத வீட்டுக்கு வருமாறு அழைப்பது, மறுக்க முடியாத ஒருவர்மீது வைக்கும் நிர்ப்பந்தம் ஆகிவிடுமோ என்று அஞ்சினேன். நண்பர் வீட்டில் மனிதர்கள் இருப்பார்கள்.

தங்கள் பெட்டியின்மேல் தூசு படிந்திருந்தது. இன்று துடைத்தேன். கடிகாரம் ஓடத் தொடங்கியது.

இப்படிக்கு,
அத்தான்


ஜூலை 1

அத்தானுக்கு, அத்தானுக்கு, அத்தானுக்கு,

மூணு தடவை கூப்பிட்டுட்டேன். ஆஜராகணும்.

பொருள்: கேஸ் தள்ளுபடி.

உங்க கடிதத்தைப் படகோட மேல்தட்டுல நின்னு படிச்சேன். பக்கத்துப் படுக்கைக்காரன், "ஏன்டா கண்ணெல்லாம் இப்படி இருக்கு?"ன்னு கேட்டான். வெங்காயம்னு சொல்லிட்டேன். உறையில வாசனை இருந்ததால தப்பிச்சேன்.

நீங்க ஒரு பொய் கூட எழுதாம எல்லாத்தையும் மறைச்சிருக்கீங்க. எனக்கு அந்தப் படிப்பு இல்ல, நான் நேராவே பொய் எழுதிட்டேன். யாரும் என்னை அவங்க வீட்டுக்குக் கூப்பிடல அத்தான். அவனுக்கே அவன் வீட்டுல சண்டை, லீவுக்கு எங்க போறதுன்னு அவன் என்னைக் கேட்டுக்கிட்டிருக்கான். நான் அப்படி எழுதினா, "அங்கெல்லாம் வேண்டாம், இங்க வா"ன்னு நீங்க எழுதுவீங்கன்னு நினைச்சேன். நீங்க "கவனித்தேன்"னு எழுதினீங்க. அந்த ஒரு வார்த்தையை வெச்சுக்கிட்டு நான் எத்தனை நாள் முழிச்சுக்கிட்டிருந்தேன் தெரியுமா? கவனிச்சாராம்.

அக்கா எனக்கு அக்கா மட்டுமா? அம்மா இல்லாத வீட்டுல என்னைத் தூக்கி வளர்த்தவ. அவ கல்யாணம் ஆகி வந்தப்போ, நானும் கூட வந்துடுவேன்னு அழுதேன். நீங்கதான் முதல் மாசமே அந்த முன்னறையைக் காலி பண்ணிக் கொடுத்தீங்க. உங்க சட்டப் புஸ்தகம் எல்லாத்தையும் எடுத்து வராந்தாவுல அடுக்கினீங்க, மழையில பாதி நனைஞ்சு போச்சு. உறவு இருக்கா இல்லையான்னு அலமாரியில தேடினீங்களாமே. அந்த பதில் இருந்த புஸ்தகம் அன்னிக்கே நனைஞ்சிருக்கும்.

உங்களுக்கு எழுதறதுக்கு எனக்கு விவகாரம் எதுவும் வேண்டாம். முதல் கடிதத்துலயே எழுதினேனே, பொருள்: சும்மான்னு. நீங்க கண்டுக்கவே இல்ல.

ஆகஸ்ட் பத்தாம் தேதி சப்ளை படகுல வந்து கரை இறங்கறேன். அங்கிருந்து பஸ். எத்தனை மணிக்கு வந்து சேருவேன்னு சொல்ல முடியாது. வரவான்னு கேக்கமாட்டேன். ஆனா கூப்பிட்டா நல்லா இருக்கும்.

தவளை


ஜூலை 12

அன்புள்ள மச்சானுக்கு,

முழு நலம் என்று இன்னும் எழுத இயலாது. முன்பைவிட நலம் என்று எழுதலாம். உன் காதை மருத்துவரிடம் காட்டினாயா?

"தாங்கள்" என்று எழுதுவதை இத்துடன் கைவிடுகிறேன். ஆட்சேபணை இருப்பின் நேரில் தெரிவிக்கவும்.

பொருள்: சும்மா.

அந்தச் சொல்லை எழுதிவிட்டு வெகுநேரம் அடுத்த வரி வரவில்லை. பொருளே இல்லாமல் ஒரு கடிதத்தை எப்படி நிரப்புவது என்று தங்கள் அக்காவிடம்தான் கேட்டிருக்க வேண்டும். (பழக்கம். உன் அக்காவிடம்.) ஆகவே நடந்ததை எழுதுகிறேன்.

நேற்று மாலை வீட்டிலிருந்து இறங்கி நடந்தேன். கடிகாரத்துக்காக நடப்பதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடைத்தெரு முனையில் சாவி செய்பவர் இருக்கிறார் அல்லவா, அவர் என்னைக் கண்டதும், "வக்கீல் ஐயாவா? ஊரை விட்டே போயிட்டீங்கன்னு சொன்னாங்களே" என்றார். இல்லை, உள்ளூரிலேயே இருந்தேன் என்றேன். அவர் என் மணிக்கட்டைப் பார்த்தார். "டைவர் வாட்சா ஐயா? கடலுக்குள்ள போவீங்களா?" என்றார்.

"மைத்துனன் போகிறவன். நான் கரையில் இருப்பவன். அவன் கையிலும் இதேபோல் ஒன்று இருக்கிறது."

"அப்போ ரெண்டு பேருக்கும் ஒரே மணிதானே ஐயா" என்று சொல்லிவிட்டு சாவியை அரத்தால் தேய்க்கத் தொடங்கினார்.

நம் வீட்டு வாசற்கதவின் மாற்றுச் சாவி இக்கடிதத்துடன் இருக்கிறது. உன் அக்கா எப்போதும் கதவைத் திறக்க இருந்ததால் உனக்கென்று ஒரு சாவி இதுவரை தேவைப்படவில்லை. விருந்தாளி வந்தால் கதவைத் தட்டுவார். நீ தட்ட வேண்டியதில்லை. அழைப்பு வேண்டும் என்று எழுதியிருந்தாய். சட்டம் படித்தவன் என்பதால் அழைப்பைவிட உறுதியான ஒன்றை அனுப்புகிறேன்.

வா.

அத்தான்


ஆகஸ்ட் 10

(சாப்பாட்டு மேஜைமேல், தண்ணீர்ச் சொம்பை மேலே வைத்து)

தவளைக்கு,

நலம் விசாரிப்பதை நேரில் வைத்துக்கொள்வோம்.

இதை நீ படிக்கிறாய் என்றால் நாம் வழியில் ஒருவரையொருவர் தவறவிட்டிருக்கிறோம். பேருந்து நிலையத்துக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. நான் கடைத்தெரு வழியாகப் போகிறேன். காலையிலிருந்து சன்னலோரம் உட்கார்ந்து உன்னை எதிர்பார்க்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்து இன்னொரு முறை கடிகாரத்தை நிறுத்த விருப்பமில்லை.

சோறும் குழம்பும் அடுப்பின்மேல் மூடி வைத்திருக்கிறேன். நானே சமைத்தேன். உப்பு குறித்து எந்த உத்தரவாதமும் தர இயலாது. முன்னறையில் விரிப்பு மாற்றியிருக்கிறது. சன்னலைத் திறந்துவைத்தேன், மழை வந்தால் மூடு, உள்ளே என் புத்தகங்கள் எதுவும் இல்லை, ஆனாலும் மூடு.

கிளம்புமுன் வளையத்தின் முக்கோணத்தை நிமிட முள்ளுக்கு நேராகத் திருப்பி வைத்திருக்கிறேன். ஒரு சுற்று முடிவதற்குள் திரும்பிவிடுவேன். கூட்டத்தில் எங்காவது இடித்து வளையம் நகர்ந்துவிட்டால் இன்னும் சீக்கிரம் வருவேன். தாமதிப்பதற்கு இதில் வழியில்லை.

எங்கும் தேடிப் போகாதே. உட்கார்ந்திரு.

அத்தான்